ரூமில் சமைக்கிற தம்பி வீட்டில் ஏன் சமைப்பதில்லை?

(தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்த இளைஞர், யுவதிகளுக்காகத் தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், எமது சங்க அமைப்பாளரான தோட்டப் பாடசாலை ஆசிரியை ஆற்றிய உரை.)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நான் பேச வந்தது சட்டி பானை கழுவுவதைப் பற்றி. சிரிக்கிறீர்கள். யார் சிரிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டேன், எல்லோரும் ஆம்பிளைகள்தான்.

நம் லயங்களில் வெளியூர் வேலைக்குப் பிள்ளை போகாத வீடு குறைவு. தம்பிமார் புறக்கோட்டைக் கடைகளிலும் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறீர்கள். தங்கச்சிமார் பலர் 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வலயத்தில் தைக்கிறீர்கள். வேலை வேறு வேறு என்றாலும் ரூம் ஒரே மாதிரித்தான். நாலு பேர், ஆறு பேர், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பைப், ஒரு கக்கூஸ். அங்கே சண்டை பெரிய விஷயத்துக்கு வருவதில்லை. சோற்றுப் பானையை ஊறப் போட்டுவிட்டுப் படுத்தது யார், கேஸ் முடிந்ததைச் சொல்லாமல் விட்டது யார், இதற்குத்தான் வருகிறது. அதில் ரூம் உடைந்தால் நாலு பேர் கட்டிய வாடகையை இரண்டு பேர் கட்ட வேண்டும். அந்தக் காசு ஊருக்கு அனுப்பும் காசிலிருந்துதான் குறையும். ஆகவே இது சங்கத்தில் பேச வேண்டிய விஷயம்தான்.

வேலையை அளப்பது நமக்குப் புதிதில்லை. தராசில் ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் மடுவத்திலேயே சத்தம் போடுகிற ஆட்கள் நாம். அரைப்பேர் போட்டால் அன்றைக்கே தலைவரிடம் ஓடுகிறோம். அந்தக் கணக்குப் புத்தி ரூமுக்குள் போனதும் எங்கே போகிறது? ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிட்டு, எல்லாம் சமம் என்கிறீர்கள். ஒருவர் ஆறு பேருக்குச் சமைக்கிறார், இன்னொருவர் பாண் வாங்கி வருகிறார். இரண்டும் ஒரு வேலையா? எத்தனை வேலை என்று எண்ணாதீர்கள், எத்தனை நேரம் போகிறது என்று பாருங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிழமை நாட்களை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருகிறவளுக்கு அன்றைக்குச் சமையல் போடக் கூடாது. அவளுடைய முறையை லீவு நாளுக்கு மாற்றி எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது தாளும் மாற வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கிழமையே அதை யாரும் பார்க்க மாட்டீர்கள்.

தாளில் வராத வேலையும் ஒன்று இருக்கிறது. அரிசி முடியப் போகிறது, சவர்க்காரம் இல்லை, வாடகைத் திகதி நெருங்குகிறது என்று நினைவில் வைத்திருக்கும் வேலை. ஒவ்வொரு ரூமிலும் அதைச் செய்ய ஒருவர் இருப்பார். மற்றவர்கள் "சொன்னால் செய்வோமே" என்பார்கள். சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவருக்கு வேலையாகிப் போகிறது. அதையும் மாதத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். பொதுக் காசையும் அந்த மாதம் அவரே வைத்திருக்கட்டும்.

காசு கூடக் கொடுத்து வேலையிலிருந்து தப்பலாமா என்று ஒரு தம்பி கேட்டார். மற்ற எல்லோரும் மனமொத்துச் சரி என்றால் சமையலுக்குச் செய்யலாம். கக்கூஸுக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வருகிற சின்னப் பையனிடம் என்ன சொல்கிறீர்கள்? "நீ புதுசு, கொஞ்ச நாளைக்கு நீ பாத்துக்க." கொஞ்ச நாள் ஒரு வருசமாகிறது. உடுப்புக் கழுவுவது, பெரிய அண்ணனுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது, சிகரெட் வாங்கி வருவது எல்லாம் அவன் தலையில். கங்காணிமார் காலத்தை நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆள் கட்டி வந்தவரே அவர்களுடைய பேரிலும் பங்கு எடுத்தார். அதை எதிர்த்துச் சங்கம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமுக்குள் ஒரு சின்னக் கங்காணியை வைத்துக்கொள்கிறீர்கள்.

கக்கூஸ் கழுவும் முறை எப்போதும் ஒரே பையனுக்கே விழுகிறது என்றால், அவன் எந்த லயத்துப் பிள்ளை, என்ன சாதி என்று யாரோ மனதுக்குள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். வாசல் கூட்டும் வேலையை ஒரு சாதிக்கென்று ஒதுக்கி வைத்த பழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது. அந்த மூட்டையையும் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டு போகாதீர்கள். அந்த ஒரு வேலையாவது எல்லோருடைய கையாலும் நடக்க வேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம்.

ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார், "டீச்சர், எங்க ரூம்ல பருப்புக்கறியும் கருவாட்டுக் குழம்பும் என் கைதான்." நல்ல விஷயம் தம்பி, வீட்டுக்கு வந்து எத்தனை நாள், எத்தனை நாள் சமைச்சீங்க என்று கேட்டேன். "அம்மா இருக்காங்களே" என்றார்.

அந்த அம்மாவின் நாளைப் பார்ப்போம். காலை 4 மணிக்கு எழும்புகிறார். அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறார். பகலில் கொழுந்து நிறுத்ததும் வீட்டுக்கு வந்து ஓர் அவசரச் சாப்பாடு. பின்னேரம் நிறுவை முடிந்து, விறகைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, சமைத்து, கழுவிக் கவிழ்த்துப் படுக்க இரவு ஒன்பதரை, பத்து. தோட்டத்துக்கு 8 மணி நேரம், வீட்டுக்கு அதற்குக் குறையாத இன்னொரு 8 மணி நேரம். கவ்வாத்துக்கோ புல்லுவெட்டுக்கோ போகும் ஆண்கள் பல நாட்களில் கணக்கு வேலையை முடித்துப் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு லயத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வேலை லேசானது என்று நான் சொல்லவில்லை, முதுகு ஒடியும் வேலைதான். ஆனால் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அடுப்பு குளிர்ந்தே கிடக்கிறது. மனைவி வந்துதான் அதை மூட்ட வேண்டுமா?

மே தினத்தில் நாம் என்ன சொல்கிறோம்? 1886 இல் சிக்காகோ தொழிலாளர்கள் கேட்டது 8 மணி நேர வேலை. மிச்சத்தில் 8 மணி நேரம் ஓய்வு, 8 மணி நேரம் தனக்கென்று. சிவப்புச் சட்டை போட்டு லொறியில் ஏறிப்போய் அதற்குக் கோஷம் போடுகிற அண்ணன்மார், அன்றைக்குக் காலையில் அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தது யார் என்று யோசிக்க வேண்டும்.

1984 இல் போராடித்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. அதற்கு முன் ஒரே மலையில் நின்றாலும் பெண்ணுக்குக் குறைவு. அது மாறாது, வழக்கம் என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். வீட்டு வேலைக்கும் அதே வழக்கம் என்ற சொல்தான் இன்றைக்குப் பதிலாக வருகிறது.

"ஆம்பிளை பீலியில் குடத்தோடு நின்றால் லயத்தில் சிரிப்பார்கள்" என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சிரிக்கிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மகன் கோப்பை கழுவினால் "ஏண்டா, வீட்டில் பொம்பளை இல்லையா" என்று பறித்து வைக்கிற தாய்மாரே, பத்து வயது மகளிடமிருந்து நீங்கள் அதைப் பறிப்பதில்லை. என் வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளைகளில் பெண்பிள்ளைகள்தான் கூட. கேட்டால் விடிய எழும்பித் தண்ணீர் எடுத்தேன் என்கிறார்கள். அதே வீட்டு அண்ணன் வீட்டுப்பாடம் செய்துகொண்டு வருகிறான்.

தம்பிமாரே, உங்களுக்கு லீவு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ரூமில் செய்கிறதை அப்படியே இங்கே செய்யுங்கள், ஒருவர் போனால் சிரிப்பார்கள் என்றால் நாலு பேராகச் சேர்ந்து பீலிக்குப் போங்கள். குடம் கனமா இல்லையா என்று அப்போது தெரியும்.

வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு மாதர் சங்கக் கூட்டம். போன தடவை பாதிப் பேர் வரவில்லை, பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். அன்றைக்கு எந்த வீட்டில் யார் பிள்ளை பார்ப்பது, யார் ராச்சாப்பாடு ஆக்குவது என்று ஆண்கள் சனிக்கிழமையே பேசி முடித்துத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். தலைவருடைய பெயரையும் எழுதித்தான் தாளைத் தொடங்கியிருக்கிறேன். அவர் ரொட்டி நன்றாகச் சுடுவாராம், அவருடைய வீட்டம்மா சொன்னார்.