நாட்பட்ட இருமலும் நிமோனியாவும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



தச்சநல்லூர் 1994ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலி மாநகராட்சியைச் சேர்ந்ததாகும். ஊரின் நிர்வாகம் மாறினும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் திண்ணையில் அமர்ந்து இருமும் முதியவரைப் பற்றி வீட்டார் கூறும் வார்த்தை மாறவில்லை. "அவருக்கு எப்பொழுதும் உள்ள இருமல்தானே" என்பார்கள். நிமோனியா இவ்வார்த்தையின் மறைவிலேயே பெரும்பாலும் உட்புகுகிறது.

மூச்சுக் குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய இழைகள் இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. பல்லாண்டு பீடி குடித்தவருக்கு இவ்விழைகள் கெட்டுப்போகின்றன. பீடியைத் தொட்டறியாத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் இக்கேடு நேரும். காசநோய் வந்து குணமானவர்களுக்கோ, பழைய வடுவினால் குழாய்கள் விரிந்து சளி தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகுவது இயல்பே.

அக்கிருமி நுரையீரலின் சிறு காற்றறைகளை அடைந்து, அவற்றில் நீரும் சீழும் நிரம்புவதே நிமோனியா. சங்கக் கணக்கை அறிந்தவர்க்கு இதன் அபாயம் எளிதில் விளங்கும். சேமநிதி உள்ள சங்கம் ஒரு பருவ நஷ்டத்தைத் தாங்கும். நிதி வற்றிய சங்கமோ சிறு நஷ்டத்திலும் முறிந்துவிடும். நாட்பட்ட சுவாசநோயாளிக்கு மூச்சின் கையிருப்பு முன்னமே கரைந்திருக்கிறது.

பாஸ்டரும் அமெரிக்க வைத்தியர் ஸ்டெர்ன்பெர்க்கும் 1881இல் தனித்தனியே விவரித்த நிமோகாக்கஸே இந்நோய்க்குக் காரணமான கிருமிகளில் முதன்மையானது. அதற்கு இன்று மருந்து உண்டு. காலந்தாழ்த்துவதே பெருங்கேடு.

காய்ச்சலுக்காகக் காத்திருத்தல் தகாது. வயோதிகருக்குக் காய்ச்சலின்றியும் நிமோனியா வரும். சளி மிகுந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுதல், மார்பில் குத்து, உணவில் வெறுப்பு, வழக்கத்தினும் மிகுந்த இளைப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நல்ல நாளில் அவர் சும்மா அமர்ந்திருக்கையில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார் என்று எண்ணிச் சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பது காசு செலவில்லாத பேருதவி. அக்கணக்கு கூடினால் அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். முப்பதை எட்டினாலும், பேச்சுத் தடுமாறினாலும், உதடு நீலம் பூத்தாலும் 108 வண்டியை அழைப்பதே முறை.

அதுவரை அவரைச் சாய்த்து உட்கார வைக்கலாம். சாம்பிராணிப் புகை கூடாது. முன்பு மீந்த மாத்திரைகளைக் கொடுப்பதும், இருமலை அடக்கும் பானகம் வாங்கி ஊற்றுவதும் தீங்கே. சளி உள்ளேயே தங்கிவிடும். உறிஞ்சு மருந்தை நிறுத்தலாகாது. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை நிமோனியாவின் வாய்ப்பைச் சிறிது கூட்டக்கூடும் என்பது உண்மைதான். ஆயினும் அதை மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. பெரியவர்கள் அதையும், ஆண்டுதோறும் போடத்தக்க இன்புளுவென்சா ஊசியையும் வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னரே போடுவது நன்று.

பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ வேறெங்கோ கொண்டு சென்றதும், இவருக்குப் பழைய சுவாசநோய் உண்டென்பதை முதலில் தெரிவிக்க வேண்டும். இத்தகையோர் சிலருக்குப் பிராணவாயு அளவு மீறினாலும் கெடுதி. வைத்தியர் அளந்து கொடுப்பார்.