வங்கிக்கு வந்ததெல்லாம் விற்பனை அல்ல

(கம்பைநல்லூர் சிறுவணிகர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. இன்று கம்பைநல்லூர் மாதிரி ஒரு பேரூராட்சியிலும் டீக்கடை முதல் உரக்கடை வரை மேசைமேல் கியூஆர் அட்டை நிற்கிறது. பத்து ரூபாய்க்கு டீ குடித்தவரும் போனை நீட்டுகிறார். பணம் வந்துடுச்சு என்று ஒலிப்பெட்டி சொன்னதும், நாம் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறோம். பணம் வந்தது சரி. எதற்காக வந்தது என்று யார் எழுதி வைக்கிறார்கள்? நம்மில் பலர் எழுதுவதில்லை. வங்கியிலேயே எல்லாம் இருக்கே, அப்புறம் எதுக்கு என்று ஓர் எண்ணம்.

அந்த எண்ணத்தால் என்ன சிக்கல் வரும் என்பதற்கு, தருமபுரிக்காரர்கள் தொழிலுக்காகப் போய்வரும் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளைப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஆயிரக்கணக்கான சிறுகடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை எல்லாம் அதில் இருந்தன. பெங்களூருவில் சில கடைகள் கியூஆர் அட்டையை எடுத்துவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. கடைக்காரர்கள் சொன்னது இதுதான்: “அந்தத் தொகை முழுசும் வியாபாரம் இல்லை. உறவுக்காரர் கொடுத்த கைமாற்று இருக்கு, வீட்டுப் பணம் இருக்கு. வரி இல்லாத பாலும் காய்கறியும் வித்த பணமும் இருக்கு.” பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார்.

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டி பதிவுக்கு இந்த வரம்பு நமக்கும் உண்டு. அதனால் ரொக்கத்துக்குத் திரும்பிப் போவதில் அர்த்தமில்லை. வந்த பணத்தில் எது விற்பனை, எது விற்பனை இல்லை என்று பிரித்துக் காட்டும் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் கையால் எழுத வேண்டியதில்லை. வங்கிப் பரிவர்த்தனைகளைத் தரவிறக்கி, கணக்கு மென்பொருளில் அப்படியே ஏற்றலாம். டேலிபிரைம், நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஸோகோவின் ஸோகோ புக்ஸ், கட்டணமில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளான க்னூகேஷ் என எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு.

எந்தக் கோப்பை இறக்குவது?

முதல் விஷயம், கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு. அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஸ்டேட்மென்ட். போன் செயலிகளில் பெரும்பாலும் பிடிஎஃப்தான் முதலில் வரும். அது படிக்க நல்லது, ஏற்றுவதற்குச் சிரமம். வங்கியின் நெட் பேங்கிங் தளத்துக்குப் போய், எக்செல் அல்லது சிஎஸ்வி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். சிஎஸ்வி என்பது ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவில் காற்புள்ளி வைத்த சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த மென்பொருளும் அதைப் படிக்கும்.

ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரை, ஒரு மாதத்துக்கு ஒரு கோப்பு என்று இறக்குங்கள். இந்த மாதம் 1 முதல் 30 வரை ஏற்றிவிட்டு அடுத்த மாதம் 25-லிருந்து இறக்கினால், ஐந்தாறு நாள் வரவு இரண்டு தடவை ஏறிவிட வாய்ப்பு உண்டு. இறக்கிய கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு பிரதியில் வேலை செய்யுங்கள்.

ஏற்றும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள்

ஒன்று, தலைப்பு. கோப்பின் மேலே பெயர், முகவரி, கணக்கு எண் இருக்கும். அடியில் மொத்தத் தொகை இருக்கும். அவற்றை நீக்கிவிடுங்கள். தேதி, விவரம், குறிப்பு எண், பற்று, வரவு, இருப்பு என்ற தலைப்பு வரியும் அதன் கீழே உள்ள வரிகளும் போதும்.

இரண்டு, தேதி. இதுதான் அதிகம் ஏமாற்றும். 05/04 என்பது நமக்கு ஏப்ரல் 5. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/04 வந்ததும் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். எக்செலில் சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால், இந்தக் கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

மூன்று, யுபிஐ குறிப்பு எண். அது 12 இலக்கம். எக்செல் அதைச் சுருக்கி, நடுவில் ஒரு ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும். அந்த வரிசையை எண் வகையிலிருந்து எழுத்து வகைக்கு மாற்றி வையுங்கள். நாளைக்கு வாடிக்கையாளர், நான் பணம் போட்டுட்டேனே என்று கேட்டால், தேடிப் பார்க்க அந்த எண்தான் துணை.

நான்கு, பற்றும் வரவும். வங்கி தன் ஸ்டேட்மென்டில் வரவு என்று எழுதுவது, உங்களுக்கு அது தர வேண்டிய பணம் கூடியதை. உங்கள் புத்தகத்தில் அதே தொகை வங்கிக் கணக்கின் பற்றுப் பக்கம் வரும். வங்கி பார்க்கும் பக்கம் வேறு, நாம் பார்க்கும் பக்கம் வேறு. குழப்பம் வேண்டாமென்றால், உள்ளே வந்தது, வெளியே போனது என்று மட்டும் பார்த்துப் பொருத்துங்கள். ஸோகோ புக்ஸில் இந்த இடங்களுக்கு டெபாசிட், வித்டிராயல் என்றே பெயர். மாற்றிப் பொருத்திவிட்டால் விற்பனை செலவாகிவிடும், செலவு விற்பனையாகிவிடும்.

ஏற்றிய பிறகுதான் உண்மையான வேலை

கோப்பு ஏறிவிட்டது. இனி ஒவ்வொரு வரவும் என்ன பணம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மென்பொருளுக்கு அது தெரியாது.

ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் வங்கிக்கு வந்தது 3,55,000 ரூபாய். அதைப் பிரித்தால்:

கியூஆர் வழி விற்பனை – 2,40,000
கல்லாப் பணத்தை வங்கியில் கட்டியது – 50,000
மச்சான் கொடுத்த கைமாற்று – 50,000
திருப்பி அனுப்பிய சரக்குக்கு மொத்த வியாபாரி தந்த பணம் – 15,000

அதே மாதம் ரொக்க விற்பனை 55,000 என்று கல்லா நோட்டில் இருக்கிறது. அப்படியானால் உண்மையான விற்பனை 2,40,000-உம் 55,000-உம் சேர்த்து 2,95,000 ரூபாய்.

பிரிக்காமல் விட்டால்? வங்கி வரவு முழுவதும் விற்பனை ஆகி, மேலே ரொக்க விற்பனையும் சேர்ந்து 4,10,000 என்று நிற்கும். கைமாற்று விற்பனையாகிறது. கல்லாவில் ஒரு தடவை எழுதிய 50,000 ரூபாய், வங்கியில் கட்டியபோது இன்னொரு தடவை விற்பனையாகிறது. மாதாமாதம் இப்படியே போனால், ஆண்டுக்கு 35,40,000 ரூபாய் விற்கும் கடை, கணக்கில் 49,20,000 ரூபாய் விற்ற கடையாகத் தெரியும். ஒன்று 40 லட்சத்துக்கு உள்ளே, இன்னொன்று வெளியே.

அதனால் கல்லாவிலிருந்து வங்கிக்குப் போனதை 'கான்ட்ரா' என்று போடுங்கள். பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவுதான். மச்சான் கொடுத்ததைக் கடன் என்று போடுங்கள், அவரிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். சரக்குப் பணம் திரும்பியதைக் கொள்முதலில் கழியுங்கள்.

வெளியே போன பணத்துக்கும் இதே கதைதான். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கடைச் செலவு ஆகாது, அது சொந்த எடுப்பு. வங்கித் தவணையில் வட்டி மட்டும் செலவு, அசல் செலவு இல்லை.

பில் போடும்போதே விற்பனையைப் பதிந்துவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி வரியைப் புதிய விற்பனையாகச் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே உள்ள பில்லோடு பொருத்துங்கள். இல்லையென்றால் ஒரே விற்பனை இரண்டாகும்.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு, விவரத்தில் இந்தச் சொல் வந்தால் மின்கட்டணம் என்பது போல விதி எழுதி வைக்க சில மென்பொருள்கள் அனுமதிக்கின்றன. நல்ல வசதி. ஆனால் ஆட்களின் பெயரை வைத்து விதி எழுத வேண்டாம். கைமாற்று தந்த அதே மச்சான் நாளைக்கு அரிசி மூட்டையும் வாங்குவார் இல்லையா?

சரியா என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு சோதனை போதும். மாதத் தொடக்க இருப்பு, கூட்டல் வந்தது, கழித்தல் போனது. மேலே சொன்ன கடையில் தொடக்க இருப்பு 42,500. வந்தது 3,55,000. போனது 3,39,000. மீதி 58,500. ஸ்டேட்மென்டின் கடைசி வரியில் அதே 58,500 இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் எந்த வரியும் விடுபடவில்லை, இரண்டு தடவையும் ஏறவில்லை என்று கொள்ளலாம். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் தேடுங்கள். சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு இருக்கலாம்.

நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருந்தாலும், மார்ச் 31 ராத்திரி விற்ற பணம் ஏப்ரல் 1 அன்று வந்து சேர்ந்தாலும் நம் புத்தகமும் வங்கியும் கொஞ்சம் வேறுபடும். அது தவறில்லை. காரணத்தை எழுதி வைத்தால் போதும்.

பாதுகாப்பு

ஸ்டேட்மென்டில் உங்கள் கணக்கு எண் மட்டுமல்ல, பணம் போட்டவர்களின் பெயரும், சில நேரம் போன் எண்ணும் இருக்கும். பிடிஎஃப்பை எக்செலாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் அதை ஏற்ற வேண்டாம். கணக்கு எழுதுபவருக்குக் கோப்பை மட்டும் கொடுங்கள். நெட் பேங்கிங் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் களவு போனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

கணக்கு நமக்கே உதவும்

இதெல்லாம் வரித்துறைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். வருமான வரியில் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுக்கும் சிறுவணிகருக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழி வந்த விற்பனையில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கணக்கிடப்படுகிறது. பிரித்து வைத்தவருக்கே இந்தச் சலுகையின் முழுப்பலன். நாளைக்கு முத்ரா கடனுக்கோ மாவட்டத் தொழில் மையத்தின் மானியக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது, மேலாளர் மாத விற்பனை எவ்வளவு என்று கேட்பார். அப்போது தோராயமா இவ்வளவு இருக்கும் சார் என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. கடைக்குள் பார்த்தாலும், கையில் பணம் புரள்கிறது என்று நாம் நினைத்தது லாபமா, மச்சானின் கைமாற்றா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

வருடக் கடைசியில் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால், எந்த வரவு யாருடையது என்று நமக்கே நினைவிருக்காது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள், கடை சாத்திய பிறகு உட்கார்ந்து போன மாதக் கோப்பை இறக்குங்கள், ஏற்றுங்கள், பிரியுங்கள், கடைசி இருப்பைச் சரிபாருங்கள். வர்ற மாதம் 5-ஆம் தேதியிலிருந்தே ஆரம்பிக்கலாமே.