அரசுப் பணியும் அடியார் பணியும்

(அதிபத்த நாயனார் குருபூசையையொட்டி, ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் நாகப்பட்டினத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அதிபத்த நாயனாரின் வரலாற்றை இவ்வூரில் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாகையின் நுளைப்பாடியில் பரதவர் தலைவராக வாழ்ந்த அப்பெருமான், நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் சிறந்த ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலே விட்டுவந்தார். வறுமையுற்று ஒரே மீன் கிடைத்த நாள்களிலும் அதனையே விட்டார். பொன்மீன் அகப்பட்டபோதும் தயங்காமல் விட்டார். கடலில் விட்ட மீனின்மேல் கொடுத்தவர் பெயர் எழுதப்படுவதில்லை. என் பணிக்காலம் எனக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

வருவாய்த்துறையில் 32 ஆண்டுகள் பணியாற்றினேன். அவற்றுள் பெரும்பகுதி, அரசுக்கும் கோயில், மடம், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த தொண்டு அமைப்புகளுக்கும் நடுவே நின்று இருதரப்பையும் இணைக்கும் பணியாகவே அமைந்தது. அப்பணியின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது ஆழிப்பேரலையின்போதுதான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. தமிழகத்தில் அன்று ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கடல் கொண்டது. அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நம் நாகை மாவட்டத்தினர். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலரும் மாண்டனர். நாகூர் தர்காவினர், மாண்டவர் எச்சமயத்தார் என்று பாராமல் தம் இடத்திலேயே அடக்கம் செய்ய இசைந்தனர். கோயில் மண்டபங்களும் திருமண மண்டபங்களும் முகாம்களாயின. ஆயிரம் பேருக்கு ஒரே உலையில் சமைக்கத் தெரிந்தவர்கள் அடியார் கூட்டத்தில்தான் இருந்தார்கள். அரசிடம் நிலமும் நிதியும் ஆணையும் இருந்தன. அழுகின்றவர் அருகில் இரவெல்லாம் அமர்ந்திருக்கும் பொறுமை அவர்களிடம் இருந்தது.

இங்கே என் பிழை ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். எந்த அமைப்பு எந்த ஊருக்கு உதவச் செல்வது என்று வகுக்கும் பட்டியலைத் தயாரித்தவன் நான். படகும் வலையும் இழந்தோர் கணக்கு அதில் இருந்தது. பிறர் வயலில் கூலிவேலை செய்தோர், மீனைத் தலைச்சுமையாக விற்றோர் கணக்கு அதில் இல்லை. நான்காம் நாள் மடத்து அன்பர் ஒருவர் வந்து, "ஐயா, கரையோரக் குப்பத்தில் மூன்று பந்தி நடக்கிறது. சற்று உள்ளே இருக்கும் தெருவில் ஒரு பந்தியும் இல்லை" என்றார். பட்டியலில் இல்லாத தெருவுக்கு நான் எவ்வாறு பொறுப்பாவது என்று அவரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறாமல் என்னை அங்கே அழைத்துச் சென்றார். உப்புநீர் புகுந்த வயலோரத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "அலை பட்டியல் பார்த்தா வந்தது, ஐயா?" என்று கேட்டார். எனக்கு மறுமொழி இல்லை.

அவ்வன்பர் பந்தியில் உண்டவர் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். அதனை வைத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று சரிபார்த்தோம். விடுபட்டவர் பெயர்கள் அரசின் பட்டியலில் ஏறின. அந்நாள் முதல், மாலைக் கூட்டங்களில் அமைப்பினரிடம் "என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்பதை விடுத்து, "யார் விடுபட்டார்?" என்றே முதலில் கேட்டேன்.

அடுத்து வந்தது வீட்டுப் பணி. 2005 ஜனவரி 13-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நிலம் அரசு தரும். தொண்டு அமைப்புகள் மாவட்ட ஆட்சியருடன் ஒப்பந்தம் செய்து வீடு கட்டித் தரும். ஒரு வீட்டின் மதிப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். அப்போது ஓர் அமைப்பின் பெரியவர், தம் சமயத்தைச் சார்ந்த குடும்பங்களுக்கே கட்டித்தர விரும்புவதாகக் கூறினார். அவர் நல்லவர், வேண்டிய பணமும் கையில் இருந்தது. வெட்டவெளியில் ஓலைக்கொட்டகைகள் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தன. இசைந்துவிட்டால் பல குடும்பங்களுக்கு உடனே கூரை கிடைக்கும். மறுத்தால் அவர் போய்விடக்கூடும். இரவெல்லாம் உறக்கம் இல்லை.

மறுநாள் அவரிடம், "ஐயா, சமயம் காரணமாக அரசு எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. என் கை அதனால் கட்டுண்டது. உங்கள் கையையும் ஒன்று கட்டியிருக்கிறது. இறைவனுக்கு என்று கொடுத்த பொருளை உம்முடையது என்று எவ்வாறு கூறுவீர்?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து, வரிசைப்படியே கட்டித்தர இசைந்து கையொப்பம் இட்டார். அவர் வாராமலே போயிருந்தால், அக்குடும்பங்களுக்கு நான் என்ன கூறியிருப்பேன் என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

மெய்யன்பர்களே! அரசு தனித்து நின்றால் கணக்கில் இல்லாதவரைக் காணத் தவறும். சமய அமைப்பு தனித்து நின்றால் தன்னவரையே கண்டு நின்றுவிடக்கூடும். இருவரும் ஒருவர் குறையை ஒருவர் நிறைக்கும்போதுதான் உதவி உரியவரைச் சென்று சேர்கிறது. அரசு தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளவும், அடியார் தம் பெயரை விட்டுக்கொடுக்கவும் இசைய வேண்டும்.

நாம் இடும் ஒரு பிடி அன்னமும் அதிபத்தர் விட்ட மீனைப் போலப் பெயரின்றிச் செல்லட்டும். அருள்மிகு நீலாயதாட்சி உடனுறை காயாரோகணப் பெருமான் நம் அனைவர்க்கும் அம்மனத்தைத் தந்தருள்வாராக.