கையூன்றிச் சுழலும் ஆட்டம்



பழவேற்காட்டுப் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ வெயில் தாழ்ந்த நேரத்தில் கடலோரமாக நடந்தால், மணலில் பையன்கள் பல்டி அடிப்பதைப் பார்க்கலாம். ஒருவன் ஓடிவந்து எகிறுவான். இன்னொருவன் செல்போனில் படம் பிடிப்பான். இந்த வித்தையில் ஆசை வைத்தவர்கள் போனைத் திறந்தால், சீக்கிரமே பிரேசில் நாட்டுக் கப்போய்ரா என்னும் சண்டை ஆட்டத்தில்தான் போய் நிற்பார்கள். 2005இல் வந்த டோனி ஜாவின் தாய்லாந்துப் படம் ஒன்றில், தண்ணீர் தேங்கிய கோயிலுக்குள் ஒரு சண்டை வரும். எதிரே லத்தீஃப் குரௌடர் என்ற நடிகர் தலைகீழாகச் சுழன்று உதைப்பார். அவர் ஆடியது கப்போய்ராதான். அதன் உதைகளையும் கரணங்களையும் எப்படிப் பழக வேண்டும், எதற்காகப் பழக வேண்டும் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

கப்போய்ரா இரண்டு பேர் ஆடுவது. சுற்றிலும் மற்றவர்கள் வட்டம் கட்டி நிற்பார்கள், பாடுவார்கள், கைதட்டுவார்கள். அந்த வட்டத்துக்கு ஹோடா என்று பெயர். 2014இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது இந்த வட்டத்தைத்தான். தாளத்தை நடத்துவது பெரிம்பாவ் என்னும் ஒற்றைக்கம்பி வில். வளைத்த மரக்கோலில் கம்பியை இழுத்துக் கட்டி, அடியில் சுரைக்குடுக்கை பொருத்தியிருப்பார்கள். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. வில் நிதானமாக ஒலித்தால் ஆட்டம் தரையோடு தரையாக ஊரும். வேகம் பிடித்தால் கால்கள் மேலே கிளம்பும். வந்த உதையைக் கையால் தடுப்பது அபூர்வம். விலகிக் கீழே இறங்குவார்கள், இறங்கிய இடத்திலிருந்தே பதில் உதை புறப்படும்.

இதை ஆக்கியவர்கள் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 48 லட்சம் பேர் பிரேசில் கரையில் இறக்கப்பட்டார்கள். அங்கோலாவில் கையூன்றித் தலைகீழாக உதைக்கும் எங்கோலோ என்றொரு ஆட்டம் உண்டு, அதிலிருந்தே கப்போய்ரா கிளைத்தது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். முன்னோர் வாழும் உலகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது, அங்கே எல்லாம் தலைகீழ், ஆகவே தலைகீழாக நிற்பவனுக்கு முன்னோரின் பலம் வந்து சேரும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை என்பதும் அவர்கள் தரும் விளக்கம்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை ஆகாது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். துணி ஏற்றிய இதே துறையிலிருந்து மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சத்தில் விலைக்குப் போன ஏழைகள் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேறினார்கள். அதே நாட்டாரின் கம்பெனி ஒன்று 1630 முதல் 1654 வரை பிரேசிலின் வடகிழக்கில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்த கரும்பு ஆலைகளுக்கு ஆள் வேண்டுமென்று 1641இல் அங்கோலாவின் லுவாண்டா துறைமுகத்தையும் கைப்பற்றியது. இங்குள்ள டச்சுக் கல்லறையைச் சுற்றிக் காட்டும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிரேசிலில் அடிமை முறை 1888இல் ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தெருவில் கப்போய்ரா ஆடுவதைக் குற்றமாக்கியது. பிடிபட்டால் இரண்டு முதல் ஆறு மாதம் சிறை. அதை மீட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் சால்வடோர் நகரத்து மெஸ்ட்ரே, அதாவது ஆசான், பிம்பா. 1932இல் பயிற்சிக்கூடம் தொடங்கினார். பழைய அங்கோலா முறையைக் கட்டிக்காத்தவர் மெஸ்ட்ரே பாஸ்டீன்யா.

பிம்பா பாடம் தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். புதிதாக வந்தவனின் இரண்டு கையையும் தாமே பிடித்துக்கொண்டு, எதிரும் புதிருமாக நின்று காலடி போட வைப்பார். அந்தக் காலடிக்கு ஜிங்கா என்று பெயர். ஒரு கால் பின்னே போகும், உடம்பு தாழும், எடை மறுபக்கம் மாறும், அடுத்த கால் பின்னே போகும். ஏரியில் ஆடும் படகில் நின்று கோல் ஊன்றுகிறவர் உடம்பில் இருக்கும் அதே நிதானம்தான் அது. நம் சிலம்ப வாத்தியார்களும் காலடி படியாமல் கம்பு வரிசைக்குள் போக விடமாட்டார்கள்.

உதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மெய்யா லூவா ஜி கொம்பாசு என்று ஒன்று. முன்கால் குறுக்கே வந்து ஊன்றும். இடுப்பு திரும்பும், உடம்பு குனியும், கை தரையைத் தொடும். அப்போது பின்கால் குதிகால் முந்த அரைவட்டமாக வீசி வரும். இத்தனையும் நடக்கும்போது ஆடுகிறவனின் கண், குனிந்த நிலையிலேயே, எதிராளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பார்வை தரைக்குப் போனால் அந்த உதை குருட்டு உதை.

சக்கரக் கரணத்துக்கும் இதே விதிதான். ஜிம்னாஸ்டிக்ஸில் காலை நீட்டி விரித்துச் சுற்றினால் அழகு. கப்போய்ராவில் அப்படி விரித்தால் எதிராளி தலையால் வயிற்றில் முட்டிவிடுவான். அதனால் முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருக்கி, இரண்டு கைகளுக்கு நடுவே அவனைப் பார்த்துக்கொண்டே சுற்றுவார்கள். அடுத்தது மக்காக்கு, அதாவது குரங்குத் தாவல். குந்தி உட்கார்ந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னே ஊன்றி, மறு கையைத் தலைக்கு மேல் வீசி, இடுப்பைத் தூக்கிக் கால்களைப் பின்பக்கம் அனுப்ப வேண்டும். பயம் போவது இதில்தான். தரையில் கை இருக்கும்வரை திசையை மாற்றலாம், பாதியில் இறங்கிவிடலாம்.

கையே ஊன்றாத அந்தரப் பல்டியின் கதை வேறு. எகிறியவன் இறங்கும்வரை எதையும் மாற்ற முடியாது, எதிரே நிற்பவனும் அந்த நேரம் அவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். பாஸ்டீன்யாவின் வழியில் வந்தவர்கள் அதைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இன்று நாம் பார்த்து வியக்கும் பறக்கும் கரணங்களில் பல, மேடைக் காட்சிகளும் ஜிம்னாஸ்டிக்ஸும் கலந்த பிறகு பெருகியவை. அவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிராளி இடம் விட்ட கணத்தில் எகிறி, அவனைப் பார்த்தபடியே இறங்கி, அதே வீச்சில் ஜிங்காவுக்குள் வந்துவிடுகிறவனைக் கண்டால் எனக்கும் மெய்சிலிர்க்கிறது. தாளத்தை நிறுத்திவிட்டுத் தனியாக அடித்துக் காட்டும் பல்டி, எவ்வளவு உயரம் போனாலும், அந்த வட்டத்துக்கு எதையும் தருவதில்லை.

குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள். வலை இழுத்து வளர்ந்த தோளில் இழுக்கும் பலம் நிறைய இருக்கும். கையூன்றி நிற்கத் தள்ளும் பலம் வேண்டும், மணிக்கட்டும் பின்னால் வளைந்து பழக வேண்டும். சுவரில் கால் சாய்த்துக் கைமேல் நின்று அதைச் சம்பாதிக்கலாம். காய்ந்த மணல் விழுவதற்கு மெத்தென்று இருக்கும், ஆனால் எகிறும் காலையும் ஊன்றும் கையையும் உள்வாங்கிவிடும். அலை நனைத்த மணல் கைக்கு உறுதி தரும், விழுந்தால் அடி பலம். ஆகவே உருளவும் விழவும் காய்ந்த மணல், சக்கரக் கரணத்துக்கு ஈர மணல். ஏரிக்கரைச் சேறு எதற்கும் வேண்டாம், ஆளிச்சிப்பி கையைக் கிழித்துவிடும். பின்பல்டிக்கு, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்க வேண்டும். கழுத்து அடி வாழ்நாள் முழுக்க முடக்கக்கூடியது.

கப்போய்ரா ஆசிரியர் வந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. தொடங்குவதற்கு நம் சிலம்பமே இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. பக்கத்தில் சிலம்ப வாத்தியார் இருந்தால் அவரிடம் காலடி கற்றுக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், பிரேசிலிலேயே இன்று பெண் ஆசான்கள் வட்டங்களை நடத்துகிறார்கள். நாலு பேர் தாளம் தட்ட, இருவர் மெதுவாக, ஒருவரையொருவர் தொடாமல் ஆடிப் பாருங்கள். செல்போனைக் கொஞ்ச நேரம் படகில் வைத்துவிடுங்கள்.