உயிலும் சாட்சியும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் உயிலைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்காவின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். கடைசிவரை கூட இருந்து பார்த்த மகளுக்கு, தன் பேரில் இருந்த இரண்டு அறை வீட்டை அக்கா எழுதி வைத்தார். அவர் இறந்ததும் மகன் கோர்ட்டுக்குப் போனார். "அது அம்மா கையெழுத்தே இல்லை, அப்படியே இருந்தாலும் அம்மாவுக்கு அப்போ நிதானம் இல்லை" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். உயில் நிற்காவிட்டால் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. இரண்டு அறையில் பாதியைப் பிரிச்சு அந்தப் பிள்ளை எங்கே அடுப்பு வைக்க?

பத்திர ஆபீஸில் பதிஞ்ச உயிலை யாரும் அசைக்க முடியாது என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் அது கட்டாயமும் இல்லை, அது மட்டும் போதவும் போதாது. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆவது பிரிவு கேட்பது குறைந்தது இரண்டு சாட்சி. எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைப்பதை அவங்க கண்ணால் பார்த்திருக்கணும், அல்லது "நான்தான் வைத்தேன்" என்று அவர் வாயால் கேட்டிருக்கணும். அவர் கண்முன்னே தாங்களும் கையெழுத்துப் போட்டிருக்கணும். வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருத்தராவது கூண்டேறி இதைச் சொல்லணும். 2024 ஜூலை 1 முதல் வந்த புது சாட்சியச் சட்டத்திலும் இது மாறவில்லை.

அக்கா உயிலின் இன்னொரு சாட்சி அதற்குள் காலமாகிவிட்டார். மிச்சம் நான் ஒருத்தி.

எதிர்த்தரப்பு வக்கீல் முக்கால் மணி நேரம் கேட்டார். பேனா யாருது? அம்மா கட்டிலில் இருந்தாரா, நாற்காலியிலா? முதலில் கையெழுத்துப் போட்டது யார்? தேதி எப்படி ஞாபகம் இருக்கு? "ஆடித்தபசுக்குக் கொடியேறின மறுநாள் ஐயா" என்றேன். உயிலில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். சாட்சிக்கு அது தெரிய வேண்டியதில்லை, கையெழுத்தைப் பார்த்தாலே போதும்.

1958-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மைசூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வெங்கடாசல ஐயங்கார் வழக்கு என்பார்கள். லட்சுமம்மா என்ற பெண்ணின் உயில் அது. உயிலைத் தயார் செய்வதில் முன்னால் நின்றவரே கோர்ட்டுக்கும் கொண்டுவந்தார்; பலனோ அவர் பிள்ளைகளுக்குப் போனது. சந்தேகம் வந்தால் அதைத் தீர்ப்பது உயிலைக் கொண்டுவருபவர் பொறுப்பு என்று சொல்லி, கோர்ட் அந்த உயிலை ஏற்கவில்லை. நம்ம வழக்கில் அந்த மகள், உயில் எழுதிய அன்று அந்த அறைக்கே வரவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று வக்கீலம்மா சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது.

மகனுக்கு ஏன் ஒன்றும் இல்லை? அதற்கும் அக்கா உயிலிலேயே ஒரு வரி எழுதியிருந்தார்: அவனுக்கு விசைத்தறி வாங்கிக் கொடுத்தாச்சு என்று. நிதானம் இல்லை என்ற பேச்சுக்கு எங்கள் தீர்மானப் புத்தகம் பதில் சொன்னது. உயில் எழுதிய அதே வாரக் கூட்டத்தில் அக்கா இருக்கிறார், உள்கடன் வட்டி பற்றிப் பேசியிருக்கிறார், கையெழுத்தும் இருக்கு. உயில் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே உதவியது. வீடு மகளுக்கு என்று தீர்ப்பானது.

சகோதரிகளே, சாட்சி தேடும்போது நம்மைவிட வயது குறைந்தவங்களாகப் பாருங்க. உள்ளூரில் நிலைத்து இருப்பவங்களாகவும் இருக்கணும். சொத்து வாங்குறவங்களையும் அவங்க வீட்டுக்காரரையும் சாட்சியாகப் போட வேண்டாம். வயது அதிகமானால் அன்றைக்கே ஒரு டாக்டர் சான்றும் வாங்கி வைக்கலாம். கேஸ் என்று வந்துவிட்டால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்க, அல்லது 15100-க்குப் போன் போடுங்க.

மகன் இப்போது மேல்முறையீடு போயிருக்கார். எங்கள் தீர்மானப் புத்தகம் இன்னும் கோர்ட்டில்தான் இருக்கு. தணிக்கைக்கு வருகிறவங்களுக்கு நகலைத்தான் காட்டிக்கிட்டு இருக்கோம்.