பரங்கிமலை: பெயரும் கல்லும்

(விழாவையொட்டிப் பாச்சலூர்ப் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மலரில் நம் பங்கின் வரலாற்றை எழுத வேறு பெரியவர்கள் இருக்கிறார்கள். விழா முடிந்தபின் சென்னைக்குத் திருயாத்திரை போவதென்று பங்குப் பேரவையில் முடிவாகியிருப்பதால், அங்கே நாம் ஏறப்போகிற ஒரு மலையைப் பற்றிப் பேசுமாறு குழுவினர் கேட்டுக்கொண்டனர். அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. நம்மூர்ப் பையன் ஒருவன் கிண்டியில் வேலை பார்க்கிறான். சென்ற விடுமுறைக்கு வந்தவன், "சாமி, கூட வேலை செய்கிறவர்கள் 'உங்கள் வேதம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, மலைக்கே பரங்கிமலை என்றுதானே பெயர்' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குக் கோபம் பதிலாகாது. விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். மலை என்றதும் பாச்சலூரை நினைத்துக்கொண்டு கம்பளியோடு புறப்பட வேண்டாம். வடகாட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் நம் பாதையில் நாலைந்து வளைவு தாண்டினால் முடிந்துபோகும் உயரம். சுமார் 300 அடி. நம் பிள்ளைகள் பார்த்தால், "சாமி, இது மலையா, மேடா?" என்று கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் சுற்றிலும் சமவெளியாய்க் கிடக்கும் அந்தக் கடற்கரை நாட்டில் 300 அடி என்பது பெரிய உயரம். அதனால்தான் யார் யாரோ அதன்மேல் ஏறினார்கள்.

உயரத்தில் உறவு இல்லாவிட்டாலும் கல்லில் உறவு உண்டு. ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அதிகாரியின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அதன்மேல் கிடக்கும் கருங்கல் பலகையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர், அந்தக் கல் நம் பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்துக் கல்லினம் என்று கண்டு, 1893-இல் அந்தப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். இறந்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது வழக்கம். இங்கே கல்லுக்கே இறந்தவர் பெயர் வந்துவிட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நம் பழனி மலைகளின் பெரும்பகுதியும் அதே பாறை இனந்தான். நம் வீட்டு அஸ்திவாரத்திற்கு உடைத்துப் போடும் கல்லும் அங்கே படியாய்க் கிடக்கும் பாறையும் ஒரே குடும்பம்.

மனிதர் வாழ்ந்த கதையும் அங்கே நெடியது. மலைக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் பல்லாவரம். அங்கே 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் சரளைக் குழியொன்றில் ஆதிமனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கியது. ஆகவே அந்த மலையை முதலில் கண்டது தாங்கள்தாம் என்று எந்தச் சமயத்தாரும் சொல்லிக்கொள்ள இடமில்லை. மலையடிவாரத்துக்கு அருகே நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. பிருங்கி முனிவர் தவம் செய்ததால் அது பிருங்கி மலை, அதுவே பரங்கிமலையாயிற்று என்று சைவ அன்பர்கள் கூறுவர். பறங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், குடியேறியதால் பரங்கிமலையாயிற்று என்பது மற்றவர் கூற்று. அந்த வழக்கில் நாம் தலையிடவில்லை.

இனி தோமையார் கதைக்கு வருவோம். நம் ஆண்டவரின் சீடரான தோமையார் கி.பி. 52-இல் கொடுங்கல்லூரில் கரையிறங்கி, மலையாள நாட்டில் போதித்து, பிறகு சோழமண்டலக் கரைக்கு வந்து, சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்து, பெரிய மலையில் கி.பி. 72-இல் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. மரபு என்ற சொல்லை நாம் அறிந்தே சொல்கிறோம். குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்த முதற்பாடம், மரபையும் சாசனத்தையும் ஒன்றாகக் குழைக்காதே என்பதுதான். மூன்றாம் நூற்றாண்டு அளவில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூல் அவர் இந்தியாவுக்கு வந்ததைக் கூறுகிறது; ஆனால் அதில் மயிலாப்பூர் என்ற பெயரோ நம் மலையோ இல்லை. ஆறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஆயர் தூர் நகர கிரகோரியார், தோமையார் உடல் முதலில் கிடந்த இந்திய ஊரில் பெரிய கோயிலும் மடமும் உண்டென்று கேள்விப்பட்டு எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் அவர் கல்லறை இருப்பதாகவும், கிறிஸ்தவர்களோடு முகமதியரும் அங்கே யாத்திரை போவதாகவும் குறித்திருக்கிறார். 1545-இல் புனித சவேரியார் மயிலாப்பூரில் சில மாதம் தங்கி அந்தக் கல்லறையருகே ஜெபித்தார்.

இவற்றால் தோமையார் அந்த மலையுச்சியில்தான் இறந்தார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியுமா? முடியாது. நிரூபிக்க முடியாததால் பொய்யா? அதுவும் இல்லை. நம் பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊரிலிருந்து மலையேறி வந்தான் என்பதற்கு நம்மில் எத்தனை பேரிடம் பத்திரம் இருக்கிறது? கேட்டு வந்ததைத்தான் சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாய் ஒரே இடத்தைக் காட்டி ஒரே கதையைச் சொல்லி வந்தார்கள் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் நம் பையன் அதைக் கொண்டுபோய் வாதாடக் கூடாது. வாதாடுவதற்கு வேறொன்று இருக்கிறது. அது கல்.

போர்த்துக்கீசியர் 1523-இல் மலையுச்சியில் தேவதாய்க்கு ஓர் ஆலயம் எழுப்பினர் என்பது அத்தலத்தின் வரலாறு. 1547-இல் அங்கே கட்டட வேலைக்காக அஸ்திவாரம் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஒரு கற்பலகை வெளிப்பட்டது. அதில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை; முனைகள் மொட்டுப்போல் விரிந்தவை; மேலே இறங்கும் நிலையில் ஒரு புறா; அடியில் இலைகள்; சுற்றிலும் வளைவாக ஓர் எழுத்துவரிசை. அந்த எழுத்தைப் படிக்க அன்று யாராலும் முடியவில்லை. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக்குப் பின்தான், 1873-இல் பர்னல் என்ற அறிஞர், அது பாரசீக நாட்டுப் பழைய பகலவி எழுத்து என்று விளக்கி எழுதினார். வாசகத்தின் பொருள் பற்றி அவருக்குப்பின் வந்த அறிஞர்கள் வேறு வேறாகப் படித்திருக்கிறார்கள். முடிந்த முடிவு ஏற்படவில்லை. இதே எழுத்து கொண்ட சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும், கடமற்றத்திலும், முட்டுச்சிறையிலும் உள்ளன. எழுத்தின் அமைப்பைக் கொண்டு ஆறாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையில் இவற்றை வைக்கிறார்கள்.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருவோம். வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498-இல். எழுத்தோ அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. பரங்கியர் அந்தச் சிலுவையைக் கப்பலில் கொண்டுவரவில்லை, தோண்டியபோது கண்டார்கள். பெயர் அவர்களுடையதாக இருக்கலாம்; கல் அவர்களுடையது அல்ல. பல்லவர் மாமல்லபுரத்தில் பாறை குடைந்த காலத்தை ஒட்டியே இந்த மலையில் சிலுவையை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

"பகலவி என்பது பாரசீக எழுத்துத்தானே, அதுவும் கடல் கடந்து வந்ததுதானே?" என்று எதிர்க்கேள்வி வரும். ஆம், வந்ததுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பாரசீகக் கப்பல்கள் மிளகுக்காக வந்தன. கப்பலில் வணிகரும் குருக்களும் வந்தார்கள். மிளகுக்கொடி படர்ந்த நம் தோட்டத்தில் நின்று இதைப் புரிந்துகொள்வது எளிது. விளைந்த இடத்தைத் தேடி வாங்குகிறவன் வருவான். அவர்கள் படையோடு வந்து நாட்டைப் பிடிக்கவில்லை. உள்ளூர் அரசர் இடம் கொடுத்தார்கள்; இருந்தார்கள். நாம் பையனுக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்.

இந்தச் சிலுவையைத்தான் 'இரத்தம் வியர்த்த சிலுவை' என்கிறார்கள். 1558 டிசம்பர் 18-ஆம் நாள் திருப்பலி நேரத்தில் அது முதன்முறையாகச் செந்நீர் வியர்த்ததாகவும், கடைசியாக 1704-இல் அப்படி நேர்ந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 18, பேறுகாலத்தை எதிர்நோக்கியிருந்த தேவதாயின் திருநாள்; ஆலயமும் அந்தப் பெயரால்தான் விளங்குகிறது. சிலுவை இன்று பீடத்தின் பின்சுவரில் பதித்திருக்கிறது. போகிறவர்கள் வியர்வையை மட்டும் தேடாமல், சுற்றியுள்ள எழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மலையேறும் படிகளுக்கும் ஒரு கதை உண்டு. கோஜா பெத்ரூஸ் ஊஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், யாத்திரிகர் படும் சிரமத்தைப் பார்த்துத் தம் சொந்தச் செலவில் மலைக்குப் படி கட்டிக்கொடுத்தார். வழியில் அடையாறு குறுக்கிட்டது. அதற்கும் 1726-இல் அவரே பாலம் கட்டினார். சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலம் என்று நெடுங்காலம் வழங்கியது அதுதான். அந்த இடத்தில் இப்போது மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. நம்மூர்ப் பணக்காரர்கள் கோபுரத்துக்குக் கொடுப்பார்கள், மணிக்குக் கொடுப்பார்கள். பாலத்துக்கும் படிக்கும் கொடுக்க மாட்டார்கள். ஊஸ்கான் கொடுத்த பாலத்தில் கிறிஸ்தவர் மட்டுமா நடந்தார்கள்? படியோரமாகச் சிலுவைப்பாதை நிலைகள் இருக்கின்றன. மூட்டுவலிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். உச்சிவரை வண்டி போகும் சாலையும் உண்டு.

உயரமான இடமென்றால் படைகளும் தேடி வரும். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது மலையடியில் சண்டை நடந்தது. பத்தாண்டு கழித்து வந்தவர் நமக்கு அறிமுகமானவர். 1755-இல் திண்டுக்கல் கோட்டைக்குப் பவுசுதாராக வந்து அங்கே தம் செல்வாக்கை வளர்த்துக்கொண்ட ஐதர் அலிதான் அவர். 1769-இல் தம் குதிரைப்படையோடு பரங்கிமலை வரை திடீரென்று வந்து நின்றார். ஆங்கிலேயர் நடுங்கிப்போய் ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்பின் கம்பெனியார் தங்கள் பீரங்கிப் படையின் தலைமையிடத்தை அங்கேயே அமைத்தனர். இன்றும் மலையைச் சுற்றி இராணுவ நிலந்தான். அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது.

துப்பாக்கி இல்லாமல் வந்த ஒரு சிப்பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் நீளத்தை நூறடி இரும்புச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சித்திரை வெயிலில் இரும்பு நீளுமல்லவா? அதற்காகச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, கணக்கில் கழித்தார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனார்கள். லாம்டன் 1823-இல் வழியிலேயே இறந்தார். வேலையைத் தொடர்ந்தவர் எவரெஸ்ட். இமயத்தின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரம் 1852-இல் கணக்கிடப்பட்டதும் இந்த அளவையின் தொடர்ச்சிதான். உலகத்தின் பெரிய மலையை அளக்க முதல் சங்கிலி விழுந்தது 300 அடி மேட்டின் காலடியில்! லாம்டனின் மார்பளவுச் சிலையொன்று மலைமேல் இருக்கிறது. யாத்திரிகர்களில் பலர் அதை ஏதோ ஒரு வெள்ளைக்காரப் புனிதர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று நமக்கு ஓர் ஐயம்.

1986 பிப்ரவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோது இந்த மலைக்கும் வந்தார். இன்று உச்சியில் நின்றால் காலடியில் மீனம்பாக்கம் விமானத்தளம்; விமானங்கள் இறங்குவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கலாம். தெற்கே திரிசூலம் பக்கம் திரும்பினால் பாதி வெட்டுண்ட குன்றுகள் தெரியும். ஜல்லிக்காக உடைத்த வடுக்கள் அவை. நகரம் வளர அதே சார்னோக்கைட் கல்தான் சாலையாகவும் சுவராகவும் போயிற்று. பரங்கிமலைக்கு மேலே கோயிலும் கீழே படையும் இருந்ததால் அது தப்பியது என்று நாம் கருதுகிறோம். நம் மலையில் அப்படி நிற்க யார் இருக்கிறார்கள் என்பதைப் பேரவையினர் தனியே யோசிக்கட்டும்.

போகும் வழியைச் சொல்லி முடிக்கிறோம். திண்டுக்கல்லில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினால், கடற்கரை போகும் மின்சார ரயிலில் பரங்கிமலை நிலையம் சிறிது நேரத்தில் வந்துவிடும். 2016 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே வருகிறது. திருநாளன்று கூட்டம் நெரியும். சிலுவை எழுத்தை நின்று பார்க்க முடியாது. ஆகவே திருநாளுக்கு முந்திய வாரத்தில் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பெயர் கொடுக்காதவர்கள் உபதேசியாரிடம் கொடுத்துவிடுங்கள். கிண்டிப் பையன் நிலையத்துக்கே வந்து நம்மை அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான். உடன் வேலை செய்யும் நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டி வருவானாம்.