இல்லத்தின் மையக் கருவி: தேர்வு முறை

விளக்கு, மின்விசிறி, கதவுப்பூட்டு முதலியவற்றை ஒருங்கே இயக்கும் மையக் கருவியை வாங்குவோர் முதற்கண் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இணையத் தொடர்பு அறுந்தாலும் இது இயங்குமா? அமெரிக்காவில் விற்கப்பட்ட 'ரிவால்வ்' என்னும் மையக் கருவி, அதனைத் தாங்கி நின்ற தொலைதூரக் கணினிச் சேவை 2016ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதும் பயனற்றுப் போயிற்று. கருவி பழுதடையவில்லை, அதன் கடிவாளம் பிறர் கையில் இருந்தது.

அடுத்து நோக்கத்தக்கது அதிர்வெண். 'இசட்-வேவ்' முறைக்கு இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ் என வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே அங்கிருந்து கொணரும் பூட்டு இங்குள்ள மையத்துடன் பொதுவாக இணையாது.

2022இல் வெளியான 'மேட்டர்' என்னும் பொதுத்தரம், பல நிறுவனங்களின் கருவிகளை வீட்டிற்குள்ளேயே இணைக்க வழிசெய்துள்ளது. இத்தரத்தை ஏற்று, கட்டளைகளை வீட்டிலேயே நிறைவேற்றும் மையமே தக்கது. விலை பற்றிய ஆய்வு அதன் பின்னரே.